வீட்டுக்கு ஒரு சாமான்

"இங்கதான் மாட்டினேன்! அடுப்புக்கு மேல, இந்த ஆணியிலதான் மாட்டினேன்!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். என் நாத்தனார் தனம் கொல்லைப்பக்கம் ஆவாரம்பட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவள், மெதுவாக வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நல்ல உச்சி வெயில். கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளைக் கரண்டியைக் காணோம்.

"கொத்து இருக்கா பாரு," என்றாள் முனியம்மாக்கா.

"இல்லக்கா. தேடிட்டேன்."

"கீழ வுழுந்திருக்கும். காத்து அடிச்சுதில்ல."

இரண்டு பேரும் குனிந்து அடுப்பு மூலை, குதிர் சந்து, விறகுக் கட்டு எல்லாம் தேடினோம். கரண்டியை இல்லை, ஆவாரங்கொத்தைத் தேடினோம்! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"எலி தூக்கிக்கினு போயிருக்கும் அண்ணி," என்றாள் தனம்.

"கரண்டியையா?"

"ஏன், எலி குழம்பு வெக்காதா?"

முனியம்மாக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தனம் மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

போன வாரம் என் கல்யாண ஊர்வலத்தில் மாடு மிரண்டு ஓடிய கதையை எழுதியிருந்தேன். படித்த என் மருமகள், "அத்தே, சிரிக்கிற கதையாவே எழுதறீங்களே, வேற ஒண்ணும் நடக்கலையா?" என்று கேட்டாள். நடந்தது. ஐம்பது வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கொத்து வைக்கும் ஊர்

நான் வாழப்போன ஊர் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில், மலை ஓரமாக இருந்தது. முப்பது முப்பத்தைந்து வீடு இருக்கும். உப்புக் காய்ச்சுகிற பேச்சு ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கு அதெல்லாம் தாமதமாகத்தான் வரும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடலை, கேழ்வரகு, ஆவாரம்பட்டை.

மலைச்சரிவு முழுக்க ஆவாரஞ்செடிதான். பெண்கள் கும்பலாகப் போய் வெட்டி, பட்டையை உரித்து, காயவைத்துக் கட்டு கட்டுவோம். தோல் பதப்படுத்த அந்தப் பட்டை வேண்டும். வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புகளுக்கு லீவு. அதனால் வியாழக்கிழமை தோறும் பேரணாம்பட்டிலிருந்து பட்டை வண்டி வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் உள்ளங்கை எல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தத் துவர்ப்பு வாசனை சோற்றில்கூட இருக்கும். காற்று திரும்பினால் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் நாற்றமும் வந்து சேர்ந்துகொள்ளும். புதுசாக வந்த நான் ஒரு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பகலில் ஊரே காலியாக இருக்கும். எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது, நாதாங்கி மட்டும்தான். யாருக்கு எது வேண்டுமோ, எந்த வீட்டில் இருக்கிறதோ, திறந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. எடுத்த இடத்தில் ஒரு ஆவாரங்கொத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். எடுத்திருக்கிறேன், திருப்பித் தருவேன் என்று அர்த்தம். யார் எடுத்தது என்று வீட்டுக்காரி கேட்கமாட்டாள். ரொம்ப நாள் ஆனால் கிணற்றடியில் பொதுவாக, "எங்க வூட்டுக் கொத்து வாடிப் போச்சும்மா," என்பாள். மறுநாள் சாமான் வந்துவிடும்.

நான் குடியாத்தத்துக்காரி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பூட்டு உண்டு. என் அப்பா சீரோடு ஒரு பித்தளைப் பூட்டும் கொடுத்து அனுப்பினார். வந்த வாரத்திலேயே அதை வாசலில் மாட்டிவிட்டுக் கடலைக் கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் நாலு பெண்கள், யாரோ செத்துப்போன வீட்டைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

"இன்னாம்மா, சல்லடை எடுக்க வந்தேன். எங்கள இன்னான்னு நெனச்சுக்கினே?" என்றாள் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் என்னிடம் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "அதை எடுத்துப் பொட்டியில வெய்யி." அவ்வளவுதான்.

தனம்

மாமனார் மாமியார் இல்லாத வீடு. அவர், நான், அவர் தங்கை தனம், மூன்றே பேர். தனத்துக்கு என்னைவிட ஒரு வயது கம்மி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது இருக்கலாம். பத்து வயதில் கல்யாணம், பதினொன்றில் மாப்பிள்ளை பேதியில் போய்விட்டான். புருஷன் வீட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை.

ஆனால் அவளைப் போல வாய் பேசுகிறவளை நான் பார்த்ததில்லை. மலையில் எந்தப் புதருக்குப் பின்னால் இருந்தாலும் "அண்ணியோவ்!" என்று அவள் கூப்பிட்டால் கீழே ஆடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். என் குடியாத்தத்துப் பேச்சை நடித்துக் காட்டுவாள். நான் வைத்த முதல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாக்கீது அண்ணி, நாளைக்கு வேணாம்," என்றாள். எனக்கு அம்மா வீட்டு ஏக்கம் வந்து அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வாரிவிடுவாள். அவள் தலையை யாரும் வாரிவிட்டு நான் பார்த்ததில்லை.

இப்போதும் சில நாள் தலை வாரும்போது அந்தப் பழுப்புக் கை நினைவுக்கு வரும். சீப்பைக் கீழே வைத்துவிடுவேன்.

என் வாய் செய்த வேலை

கரண்டிக்கு முன்னாலேயே சில சாமான்கள் காணாமல் போயிருந்தன. முனியம்மாக்கா வீட்டுத் தோசைக்கல். கோடி வீட்டில் ஒரு லோட்டா. இன்னொரு வீட்டில் முறம், இன்னொன்றில் சிம்னி விளக்கு. எங்கேயும் கொத்து இல்லை. எல்லாரும் என்ன நினைத்தார்கள் தெரியுமா? எவளோ கொத்து வைக்க மறந்துவிட்டாள் என்று. வாரக்கணக்காகக் கிணற்றடியில், "மறந்தவங்க ஞாபகம் பண்ணிக்கோங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கோபம்கூட இல்லை.

என் கரண்டி போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி. கிணற்றடியில் எல்லார் முன்னாலும் சொன்னேன்:

"இது மறதி இல்ல, திருட்டு."

குடம் தண்ணீரில் முங்குகிற சத்தம் நின்றுவிட்டது. அந்த ஊரில் அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் நான்தான்.

"யாரு திருடுவாங்க?" என்றாள் முனியம்மாக்கா.

"வூட்டுக்கு வூடு பாத்திரம் வாங்கிக்கினு மூட்ட கட்டிக்கினு போறவரு ஒருத்தர்தானே?" என்றேன்.

ஈயம் பூசுகிற கரீம் பாயைத்தான் சொன்னேன். ஆம்பூர்க்காரர். மாதம் ஒருமுறை துருத்தியும் கரியும் சுமந்து வந்து புளியமரத்தடியில் குழி தோண்டி உட்காருவார். ஈயம் பிடிக்கத் தூவுகிற நவச்சாரத்தின் புகை எழும்பினால் பாய் வந்துவிட்டார் என்று வீட்டுக்குள் இருந்தே தெரியும். கறுத்த பாத்திரத்தை நெருப்பில் காட்டி, ஈயத்தைத் தொட்டுத் துணியால் ஒரு சுற்று சுற்றுவார், நிலா மாதிரி ஆகிவிடும். அவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஏதோ ஒரு பெயர் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். அவ்வளவு லேசாக வந்தது அந்தப் பேச்சு.

அடுத்த திங்கட்கிழமை பாய் வந்தபோது ஆண்கள் நாலு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். "மூட்டையை அவுறு."

"இன்னாப்பா இது பேஜாரு? எத்தினி வருசமா வர்றேன்," என்றார். அவரே மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். எங்கள் ஊர்ப் பாத்திரம், பக்கத்து ஊர்ப் பாத்திரம் எல்லாம் மண்ணில் உருண்டன. காணாமல் போனது எதுவும் இல்லை.

"வித்திருப்பான்," என்றான் ஒருத்தன்.

பாய் பற்றவைத்த கரியை அணைக்காமலே எழுந்து துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பெண்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று பார்த்தோம். தனம் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. எனக்கோ நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை.

பட்டைக் கட்டு

புதன்கிழமை மத்தியானம். மறுநாள் வண்டிக்காகப் பட்டைக் கட்டுகளை வாசலுக்குக் கொண்டுவந்தேன். தனம் கட்டியதை யாரும் தொடக்கூடாது, தானே தூக்குவேன் என்பாள். அன்றைக்கு அவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். தூக்கினேன். கனத்தது. உள்ளே எதுவோ கிணுங்கியது. கையை விட்டுப் பார்த்தால் என் கரண்டி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காணாமல் போனதையெல்லாம் எண்ணிப் பார்த்தேன்: தோசைக்கல், லோட்டா, முறம், சிம்னி விளக்கு, கரண்டி. லோட்டா போன வீட்டில் அதற்குப் பக்கத்திலேயே வெள்ளிக் கொலுசு கிடந்ததாம், அது போகவில்லை. ஒரு வீட்டிலும் இரண்டு சாமான் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சீர்ப்பெட்டியை அவிழ்த்து நான் அடுக்கிய சாமான்கள்தானே இதெல்லாம்? புதுக்குடித்தனம் போகிறவளுக்கு வேண்டியது. அந்த ஊரில் ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போனால் வீட்டுக்கு ஒரு சாமான் கொடுப்பார்கள். தோசைக்கல் ஒரு வீடு, முறம் ஒரு வீடு.

குடத்தோடு வந்த தனம் என் கையில் கரண்டியைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"யாருடி?" என்றேன்.

"முனுசாமி."

பட்டை வண்டிக்காரன். பெண்டாட்டி செத்துப்போனவன், முப்பது வயது இருக்கும், எடை போடும்போது யாரையும் ஏமாற்றமாட்டான். வேறு சாதி. வண்டி வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிறானாம். நாளைக்குத்தான் கடைசி வண்டி.

"மத்த சாமானெல்லாம்?"

"வாரா வாரம் பட்டைக்குள்ள வெச்சு அனுப்பிட்டேன்."

"அவன் வாங்கித் தரமாட்டானாடி? எதுக்கு இந்த வேலை?"

"வாங்கித் தர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்." என் கையிலிருந்த கரண்டியை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "இந்த ஊர்ல எந்தப் பொண்ணு வெறுங்கையோட போயிருக்கா அண்ணி? எனக்கு யாரு குடுப்பாங்க? அதான் வூட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கினேன். ஊரே சேந்து அனுப்பிச்ச மாதிரி இருக்கட்டும்னு."

"எடுத்தவ ஒரு கொத்து வெச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதேடி!"

"கொத்து வெச்சா திருப்பித் தர்றேன்னு அர்த்தமாச்சே. நான் தரப்போறதில்ல. பொய் எப்படி வெக்கறது?"

நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பாயி மூட்டையைக் கொட்டினாரே, அதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. இன்னிக்கே சொன்னா என்னைக் கட்டிப் போட்டுடுவாங்க. நான் போனப்பறம் நீங்க சொல்லிடுங்க அண்ணி. தனம்தான் திருடின்னு சொல்லிடுங்க."

"அப்பறம் நீ இந்த ஊருக்கு வரவே முடியாதேடி."

"தெரியும்."

கரண்டியை என்னிடம் நீட்டினாள். "இது உங்க அம்மா குடுத்தது. ஆசைப்பட்டு எடுத்துட்டேன்."

அதை வாங்கித் திரும்ப அவள் மடியில் வைத்தேன். "நான் குடுக்கறேன். வெச்சுக்கோ."

அப்போதுதான் அழுதாள். "எனக்குன்னு குடுத்தது இது ஒண்ணுதான் அண்ணி," என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரம் அவளை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டேன். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டேன். சொல்லவில்லை. "சொன்னா நீங்க வந்து நிப்பீங்க. உங்க பின்னாடியே அண்ணன் வந்து நிப்பாரு," என்றாள். கோலார்ப் பக்கமோ, சேலம் பக்கமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வண்டி வந்தது, கட்டுகள் ஏறின. தனம் பட்டை வெட்டப் போகிறேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் மலைக்குப் போனாள். அந்தப் பக்கம் இறங்கினால் பேரணாம்பட்டுப் பாதை. போகும்போது திரும்பி, "அண்ணியோவ், குழம்புல உப்பு பாத்துப் போடுங்க!" என்று கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கவேண்டியிருந்தது.

சாட்சி

ஒரு நாள் கழித்துச் சொன்னேன். அதற்குள் அவள் ஓடிப்போன செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தேடிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். ஓடிப்போனவளை இரண்டு பிள்ளை பெற்றபிறகு சேர்த்துக்கொண்ட வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. நாலு நாள் திட்டுவார்கள், பிறகு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தனமும் ஒருநாள் வந்திருப்பாள். ஆனால் கரீம் பாய் சாகும்வரை திருடனாகவே இருந்திருப்பார். இரண்டில் ஒன்றுதான் முடியும்.

புளியமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று, "சாமானெல்லாம் எடுத்தது தனம்," என்றேன்.

"கொத்து வெச்சாளா?" என்று கேட்டார் ஊர் நாட்டாமை.

"வெக்கல."

"அப்ப அதுக்குப் பேரு இன்னாம்மா? நீயே சொல்லு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"திருட்டு," என்றேன். "தனம் திருடி. பாய் மேல தப்பில்ல. அவரு பேரைச் சொன்னது நான்."

முனியம்மாக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பாவி," என்றாள். அவள் கொடுத்திருக்கமாட்டாள். யாருமே கொடுத்திருக்கமாட்டோம். தாலி அறுத்தவள் வண்டிக்காரனோடு குடித்தனம் போகத் தோசைக்கல் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் அந்தக் கல்லாலேயே அடித்திருப்போம். தனம் இனி ஊர் எல்லையை மிதிக்கக்கூடாது என்று அன்றைக்கே தீர்த்துவிட்டார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் ஆம்பூருக்குப் போய்க் கரீம் பாய் வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். "போம்மா, நான் மனசுல வெச்சுக்கல," என்றார். ஆனால் எங்கள் ஊருக்கு அவர் அதற்குப் பிறகு வரவே இல்லை. பாத்திரத்தைச் சுமந்துகொண்டு நாங்கள்தான் ஆம்பூருக்குப் போனோம். அடுத்த பொங்கலுக்குள் எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டுக்குப் பூட்டு வந்துவிட்டது.

அவர் கேட்டது

நாட்டாமை முன்னால் நான் சாட்சி சொன்ன அன்றைக்கு, விளக்கு வைக்கிற நேரம், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"இன்னின்னா எடுத்தா, சொல்லு," என்றார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் இடது கை விரலை மடக்கிக்கொண்டே வந்தார். முடித்ததும் கேட்டார்:

"அருவாமணை?"

"அது எடுக்கல."

"அது இல்லாம எப்படிக் கறிகா அறுப்பா?" என்றார். சோற்றில் கை அப்படியே நின்றது. கண் தண்ணீர் தட்டில் விழுந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சந்தைக்கு ஆம்பூர் போனவர் ஒரு புது அருவாமணை வாங்கி வந்தார். பலா மரத்துப் பலகை, கெட்டியான இரும்பு. சாக்கில் சுற்றி மாட்டுவண்டிக்கு அடியில் கட்டிவிட்டார். "எங்க போய்க் குடுப்பீங்க?" என்று கேட்டேன். "எங்கன்னா பாத்தா குடுக்கலாம்," என்றார். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, ஒருதடவை பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயில் திருவிழா, வண்டி எங்கே போனாலும் அதுவும் போயிற்று. திருவிழாக் கும்பலில் அவர் சாமியைப் பார்க்கமாட்டார், பெண்பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது தப்பாக நினைக்கப்போகிறார்களே என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. வண்டியும் மாடும் போயின. அருவாமணை என்னிடம் இருக்கிறது. இதுவரை ஒரு கத்தரிக்காய்கூட இதில் அறுத்ததில்லை. துரு ஏறாமல் எண்ணெய் தடவித் தடவி வைத்திருக்கிறேன்.

தனம், நீ இருந்தால் உனக்கும் வயது எழுபதைத் தொட்டிருக்கும். உனக்குப் படிக்கத் தெரியாது, உன் பேரப்பிள்ளை யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். நீ சொன்னபடியே சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து உன்னை நினைக்காமல் ஒரு நாள் சாப்பிட்டதில்லை. உன்னை வரக்கூடாது என்று சொன்னவர்கள் ஒருத்தர்கூட இப்போது உயிரோடு இல்லை. உன் அண்ணன் வாங்கி வைத்த சாமான் இது, உனக்குன்னே வாங்கியது. வந்து வாங்கிக்கினு போடி.